ப்ரையர்ஸ் ரிட்ஜுக்கு ஒரு பேட்டரி

ப்ரையர்ஸ் ரிட்ஜ், கிழக்கு கிப்ஸ்லாந்து
ஆகஸ்ட் 4

அன்பு மெரின்,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் போகவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். வலது தோள் மட்டும், ஆபரேஷனுக்குப் பிறகு, காதுக்கு மேல் எழமாட்டேன் என்கிறது.

உன் அம்மாவை அடக்கம் செய்த நாளோடு நம் பேச்சு நின்றது. நாலு வருஷம். போன் செய்திருக்கலாம். ஆனால் போனில் நீயும் நானும் மூன்றாவது நிமிடம் கத்த ஆரம்பித்துவிடுவோம். பேனா பிடித்தால் எனக்குக் கத்த வராது. அதனால் இது.

போன மாதப் புயலில் ரோட்டோர மரம் ஒன்று கம்பிமேல் சாய்ந்து ஆறு நாள் கரண்ட் இல்லை. ஃப்ரீசரில் இருந்த ஆட்டுக்கறி முழுவதையும் குழிவெட்டிப் புதைத்தேன். கரண்ட் இல்லையென்றால் பம்ப் இல்லை, பம்ப் இல்லையென்றால் குழாயில் தண்ணீர் இல்லை. தொட்டியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தேன், ஒற்றைக் கையால்.

சோலார் போடலாம் என்று விசாரித்ததில் மூன்று பேர் மலையேறி வந்தார்கள். முதல் ஆள் ஷூ சேறாகிவிடும் என்று காரைவிட்டே இறங்கவில்லை. இரண்டாமவன், "கூரை பூரா பேனல் போட்டுட்டா கரண்ட் போச்சா வந்துச்சான்னே உங்களுக்குத் தெரியாது சார்" என்றான். "பொழுது சாஞ்சப்புறம்?" என்று கேட்டேன். "அதுக்கு வேற ஒரு ஸ்கீம் இருக்கு சார்" என்றான். மூன்றாமவன் டீ குடித்தான், நாலு பிஸ்கட் தின்றான், ஒரு காகிதத்தில் கையெழுத்து கேட்டான். போடவில்லை.

கீழ் வீட்டு நோரீன் காஹில்தான் திட்டினாள். "ஒன் பொண்ணு அடிலெய்ட்ல இதத்தானே வேலையா பாக்குறா? அவகிட்ட கேட்டா ஒன் வாய் என்ன கோணிக்குமா?" என்றாள்.

கோணவில்லை. கேட்கிறேன். எது வாங்க வேண்டும்?

அப்பா


அடிலெய்ட்
ஆகஸ்ட் 13

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை ஆபீசுக்கு எடுத்துப்போய் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு தடவை படித்தேன். நோரீனுக்கு என் நன்றி. அவருடைய ஆடுகளுக்கும்.

நான் பழையதை எடுக்கப்போவதில்லை. அடக்கத்தன்று சொன்னதை மட்டும் ஒரு முறை சொல்லிவிடுகிறேன்: ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் குடிவந்திருந்தால் அம்மா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதை அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. முடிந்தது. இனி உங்கள் சோலார்.

அந்த இரண்டாம் ஆள் சொன்னது சுத்தப் பொய். வெறும் பேனல் மட்டும் இருந்தால், தெருக் கம்பியில் கரண்ட் நின்ற அடுத்த நொடி அதுவும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற ஆளுக்கு உங்கள் கூரையிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாதே, அதற்காக. வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே ஃப்ரிட்ஜ் செத்துக் கிடக்கும். பேட்டரி வேண்டும், கரண்ட் போனதும் வீட்டைத் தெருவிலிருந்து கத்தரித்துத் தனியாக்குகிற பெட்டி ஒன்றும் வேண்டும். இரண்டும் இருந்தால்தான் உங்கள் வெயில் உங்களுடையது.

கரண்ட் போன நேரத்தில் கட்டாயம் ஓடவேண்டியவை எவை, எத்தனை மணி நேரம் என்று எழுதி அனுப்புங்கள். எல்லாமே வேண்டும் என்று எழுதாதீர்கள். எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

தோளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மெரின்


ப்ரையர்ஸ் ரிட்ஜ்
ஆகஸ்ட் 25

அன்பு மெரின்,

பட்டியல் கேட்டாய். ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர், சமையலறை விளக்கு, ரேடியோ. டிவி வேண்டாம், அதில் ஒன்றுமில்லை. கெட்டில் வேண்டும். ஆனால் அது மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் தின்னும் என்று நீ சொல்வாய். அடுப்பில் விறகு வைத்துக்கொள்கிறேன். பம்ப். ஒன்றரைக் குதிரைச் சக்தி, தொடர்ந்து ஆறு மணி நேரம்.

வடக்குப் பார்த்த கூரையில் நாள் முழுக்க வெயில், நிழல் இல்லை. தெற்கே கான்கிரீட் ஷெட் இருக்கிறது, உனக்குத் தெரியும். வெயில் படாது. பேட்டரியை அங்கே வைக்கலாமா?

குளிர்காலம் முடியாத இந்த ஆகஸ்டிலேயே ஓடையில் கல் தெரிகிறது. நோரீன் தினமும் வந்து அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகிறாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போவது எனக்குப் பழக்கமில்லை.

அப்பா


அடிலெய்ட்
செப்டம்பர் 3

அன்புள்ள அப்பா,

ஷெட் மிகச் சரியான இடம். பேட்டரிக்குச் சூடு ஆகாது. வீட்டுக்குள் வைக்கவே கூடாது.

இரண்டு வகை சொல்கிறேன். தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கிற பழைய மாதிரி அமில பேட்டரிகள் ஒன்று. யாராவது உங்களிடம் மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். அவற்றைப் பாதிக்குமேல் காலி செய்தால் சீக்கிரம் செத்துவிடும், எடை வேறு, உங்கள் தோளுக்கு ஆகாது. இன்னொன்று லித்தியம். சுவரில் மாட்டிவிட்டு மறந்துவிடலாம். எங்கள் நிறுவனம் விற்பதையே ஊழியர் சலுகையில் உங்களுக்கு வாங்குகிறேன். உங்கள் பட்டியலில் ஃப்ரிட்ஜ் வகையறாவுக்குச் சின்னது போதும். ஆனால் பம்ப் இடிக்கிறது. பம்ப் கிளம்பும் அந்த ஒரு கணத்தில் அது கேட்கிற கரண்ட், ஓடும்போது கேட்பதைப்போல நாலு மடங்கு. அதற்குத் தாங்குகிற பெரிய இன்வர்ட்டர் வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். தனியாளுக்குக் குளிக்கவும் குடிக்கவும் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் பம்ப் ஓடினால் போதாதா? ஆறு மணி நேரம் எதற்கு?

இந்தக் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருக்கும்போது நான் சிரித்துக்கொண்டிருப்பதாகப் பக்கத்து மேசைக்காரி சொன்னாள்.

அன்புடன்,
மெரின்


ப்ரையர்ஸ் ரிட்ஜ்
செப்டம்பர் 16

அன்பு மெரின்,

தோட்டத்துக்கு.

லித்தியமே வாங்கு. பெரிய இன்வர்ட்டரே போடு. சேமித்து வைத்துக்கொண்டு நான் எங்கே போகப்போகிறேன்? டிசம்பருக்கு முன் வேலை முடிந்துவிடுமா, அது மட்டும் சொல்.

மேக்பைகள் கூடுகட்டிவிட்டன. தபால்காரர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வருகிறார். நேற்று ஒன்று என் தொப்பியைக் கொத்தியது. எல்லாம் வழக்கம்போலத்தான். மழை மட்டும் வரவில்லை.

அப்பா


அடிலெய்ட்
செப்டம்பர் 29

அன்புள்ள அப்பா,

தோட்டத்துக்கு என்று ஒரே சொல்லில் பதில் எழுதுகிறவர் நீங்கள் ஒருவர்தான்.

எல்லாம் ஆர்டர் செய்துவிட்டேன். பேனல் மாட்ட இரண்டு பேர் அக்டோபர் மூன்றாம் வாரம் வருவார்கள். அவர்களுக்கு மாவுக்குள் கறி வைத்துச் சுடுகிற உங்கள் கறி பை செய்து போடுங்கள், வேலை சுத்தமாக நடக்கும். பேட்டரியும் இன்வர்ட்டரும் மெல்பர்னிலிருந்து தனியாக லாரியில் உங்கள் டவுன் டிப்போவுக்கு வரும். நவம்பர் கடைசியில் இணைத்துவிடலாம். அதுவரை பேனல்கள் கூரையில் அழகுக்குத்தான்.

கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டிருக்கிறேன். வரலாமா?

மெரின்


ப்ரையர்ஸ் ரிட்ஜ்
அக்டோபர் 27

அன்பு மெரின்,

வா. இதைக் கேட்க வேண்டுமா?

பேனல் ஏறிவிட்டது. இருபத்திரண்டு. வந்த இருவரும் நல்ல வேலைக்காரர்கள், கறி பை முழுவதும் காலி. பெரியவர் கூரையில் நின்று வடக்கே பார்த்துக்கொண்டே இருந்தார். "இங்கேருந்து வெளிய போக எத்தன ரோடு சார்?" என்று கேட்டார். "ஒண்ணுதான்" என்றேன். அதற்குப்பின் வேலையை வேகமாக முடித்தார்.

நீ கேட்டு நான் மழுப்பினேன். மழுப்பினது எனக்கே பிடிக்கவில்லை. ஆறு மணி நேரம் தோட்டத்துக்கு இல்லை. கூரைமேல் எட்டு, வராண்டாவைச் சுற்றிப் பன்னிரண்டு என்று தண்ணீர் தெளிப்பான்கள் போட்டிருக்கிறேன். இரண்டு தொட்டியும் நிரம்பியிருந்தால் ஆறு மணி நேரம் வீடும் முன்புறப் புல்வெளியும் நனைந்துகொண்டே இருக்கும். காட்டுத்தீயின் முன்வரிசை ஒரு வீட்டைக் கடக்க அதிலே கால்வாசி நேரம் கூட ஆகாது. நீ கைக்குழந்தையாக இருந்த பிப்ரவரியில் என்னிடம் பெட்ரோல் பம்ப் இருந்தது. நெருப்பு அடுத்த மேட்டுக்கு வந்த நேரத்தில் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயிலேயே அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கை கிழிந்தது. காற்று திரும்பியதால் பிழைத்தோம். இப்போது கயிறு இழுக்கத் தோளும் இல்லை. கம்பிக் கரண்ட் முதலில் போய்விடும். அதனால்தான் பேட்டரி.

நோரீனும் ஆடுகளோடு இங்கேதான் வரப்போகிறாள். புல்வெளியில் வேலி கட்டிக்கொடுத்தேன். "ஒன் வீட்டுல எனக்கும் எடம், என் ஆட்டுக்கும் எடம். ஊர்ல என்ன பேசுவாங்களோ" என்றாள். அவளுக்கு எழுபத்தொன்று.

நாங்கள் போகப்போவதில்லை. அதுதான் விஷயம்.

அப்பா


அடிலெய்ட்
நவம்பர் 5

அப்பா,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து என்னால் எதையும் சரியாகச் செய்ய முடியவில்லை.

மூன்று மாதமாக நான் உங்களுக்கு ஒரு ஃப்ரிட்ஜை ஓடவைப்பதாக நினைத்திருந்தேன். நீங்கள் நெருப்புக்கு நடுவில் உட்காருவதற்கு நான் நாற்காலி செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

பேட்டரியைப் பற்றி எனக்குத் தெரியும், கேளுங்கள். குறிப்பிட்ட சூட்டுக்குமேல் அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். புகை மூடினால் பேனல் பாதிகூடத் தராது. தெளிப்பான் குழாய் ஒன்று பிளாஸ்டிக் என்றால் அது உருகும். எதுவும் உங்களுக்கு உத்தரவாதம் இல்லை. நானே விற்கிறேன், நானே சொல்கிறேன்.

இங்கே வாருங்கள். கோடை முடிகிற மார்ச்வரை மட்டும். நோரீனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆட்டுக்கு இடம் நான் தேடுகிறேன். அம்மா கேட்டபோது நீங்கள் மலையைவிட்டு வரவில்லை. இப்போது நான் கேட்கிறேன்.

மெரின்


ப்ரையர்ஸ் ரிட்ஜ்
நவம்பர் 14

மெரின்,

உன் அம்மாவை இதில் இழுக்காதே.

குழாய் எல்லாம் செம்பு. பிளாஸ்டிக் ஒன்றும் இல்லை. ஷெட் கான்கிரீட். நான் முட்டாள் இல்லை. அடிலெய்டில் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்து டிவியில் என் மலை எரிவதைப் பார்க்கமாட்டேன்.

பேட்டரி இருந்தால் இருப்பேன். இல்லையென்றால் போவேன், அந்த அளவுக்கு எனக்குப் புத்தி இருக்கிறது. பேட்டரியை அனுப்பு.

அப்பா


அடிலெய்ட்
நவம்பர் 20

டிப்போ மேலாளர் அவர்களுக்கு,

எங்கள் நிறுவனத்திலிருந்து ப்ரையர்ஸ் ரிட்ஜ், ஆ. பெங்கெல்லி என்ற பெயருக்கு வரும் பேட்டரி, இன்வர்ட்டர் பெட்டிகள் இரண்டையும் மறு தகவல் வரும்வரை உங்கள் கிடங்கிலேயே நிறுத்திவைக்கவும். வாடிக்கையாளருக்கு நீங்கள் தெரிவிக்க வேண்டியதில்லை, நானே தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மெ. பெங்கெல்லி
வடிவமைப்புப் பிரிவு


அடிலெய்ட்
நவம்பர் 26

அன்புள்ள அப்பா,

போன கடிதத்தில் நான் எழுதிய விதத்துக்கு மன்னியுங்கள்.

ஒரு வருத்தமான செய்தி. மெல்பர்னுக்குப் பேட்டரி வரும் கப்பல் சிங்கப்பூரில் தேங்கிவிட்டதாம். இந்த வருஷம் எல்லாருக்குமே இப்படித்தான், நாடு முழுக்க ஆர்டர்கள் காத்திருக்கின்றன. ஜனவரி முதல் வாரம் கட்டாயம் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் தினமும் விரட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதுவரை, நீங்கள் எழுதிய வாக்கை நினைவு வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி இல்லையென்றால் போவேன் என்று எழுதியிருந்தீர்கள். ரேடியோ போகச் சொன்னால் போய்விடுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு என்னால் வர முடியாது போலிருக்கிறது. ஆபீசில் லீவு இல்லை.

அன்புடன்,
மெரின்


ப்ரையர்ஸ் ரிட்ஜ்
டிசம்பர் 11

அன்பு மெரின்,

கப்பல் மேல் கோபப்பட்டு என்ன செய்வது? நீ விரட்டுகிறாய், அது போதும். உன் வேலை விஷயத்தில் நீ சொன்னது எதுவும் இதுவரை தப்பியதில்லை. அதை நோரீனிடமும் சொன்னேன். லீவு இல்லாதது வருத்தம்தான். கிறிஸ்துமஸ் பன்றிக்கறியைச் சின்னதாக வாங்குகிறேன்.

இங்கே புகை. எங்கிருந்து என்று தெரியவில்லை, வடக்கே தொலைவில். சூரியன் மதியத்திலேயே செப்பு நாணயம் மாதிரி இருக்கிறது. மலைமேல் இருக்கும் காக்கை மாதிரிப் பறவைகள், நீ சின்ன வயதில் துரத்துவாயே கரவாங், அவை கூட்டமாகக் கீழே இறங்கி வந்து தொட்டியடியில் நிற்கின்றன. விரட்டினால் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நோரீனின் மகன் டெக்லன் சேல் ஊரிலிருந்து பெரிய ட்ரெய்லரோடு வந்தான். ஆடுகளையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போகத்தான். ஒரு மணி நேரம் வாசலில் வாக்குவாதம். நான் வேலி ஓரம் நின்று கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏறும்மா. கோடை முடிஞ்சதும் நானே கொண்டாந்து விடறேன்."

"ஒன் வீட்டுக் கொல்லைல பதினேழு ஆடு நிக்குமாடா? ஒன் பொண்டாட்டி என்னையும் சேத்து வித்துடுவா."

"வெளையாடாதம்மா. நெருப்பு வந்தா?"

"ஆல்வின் வீட்டுக்குப் போவேன். அவன் பொண்ணு அனுப்புற பேட்டரி ஜனவரி மொத வாரம் வந்துடுது. மூணு வாரந்தானே. மூணு வாரத்துக்கா இதுங்கள இழுத்துக்கிட்டு அலையச் சொல்ற?"

டெக்லன் என்னைப் பார்த்தான். "நெசமாவே வந்துடுமா மிஸ்டர் பெங்கெல்லி?" என்று கேட்டான். "மெரின் வரும்னு சொன்னா வரும்" என்றேன். வெறும் ட்ரெய்லரோடு திரும்பிப் போனான். போகும்போது கேட்டை மூடக்கூட இல்லை.

அப்பா


அடிலெய்ட்
டிசம்பர் 19

அன்புள்ள அப்பா,

டெக்லன் வந்து வெறுங்கையோடு போனதைப் படித்தேன்.

நோரீன் போய்விடுவது நல்லது என்று நினைக்கிறேன். அவரிடம் சொல்லுங்கள். கப்பல் விஷயத்தில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஜனவரி என்பது அவர்கள் சொன்னதுதான், தள்ளியும் போகலாம். அதை நம்பி யாரும் இருக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்து எழுதினேன். வேறு என்னவோ எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. ரேடியோவுக்குப் புதுச் செல்கள் அனுப்பியிருக்கிறேன். பெட்டியில் லேமிங்டன் கேக் இருக்கிறது, நசுங்கியிருந்தாலும் தின்னுங்கள்.

மெரின்


ப்ரையர்ஸ் ரிட்ஜ்
டிசம்பர் 28

அன்பு மெரின்,

கேக் நசுங்கவில்லை. நோரீன் மூன்று தின்றாள். நீ சொன்னதைச் சொன்னேன். "அவ ஆபீஸ்காரி. நாளைக்கு யாரும் கேஸ் போடக் கூடாதுன்னு அப்படித்தான் எழுதுவா. வந்துடும்" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நாலைந்து நாளாக வராண்டாவில் இலை விழுகிறது. யூகலிப்டஸ் இலை, முழுதாக, கருப்பாக. தொட்டால் தூளாகிறது. இதுவரைக்கும் சூடு இல்லாமல் விழுகிறது. எத்தனை மைல் பறந்து வந்ததோ. தினமும் காலையில் பெருக்கித் தள்ளுகிறேன், மாலையில் மறுபடி.

வேலி தயார், குழாய் தயார், தொட்டிகள் நிறைந்திருக்கின்றன. பேட்டரி ஒன்றுதான்.

அப்பா


டவுன், பொருட்காட்சி மைதான முகாம், கேரவன் 9
ஜனவரி 22

மெரின்,

மூன்றாம் தேதி நான் போன் செய்தபோது உயிரோடு இருக்கிறேன், வீடு போயிற்று, நோரீனைக் காணோம் என்று மட்டும் சொன்னேன். நீ அழுதாய். நான் வைத்துவிட்டேன். அதற்கப்புறம் நீ எட்டு முறை கூப்பிட்டதைப் பார்த்தேன். எடுக்கவில்லை. எழுதினால்தான் எனக்கு முழுதாகச் சொல்ல வரும்.

அன்று காலை பதினொரு மணிக்குக் கரண்ட் போயிற்று. பம்ப் நின்றது. வானம் பழுப்பு. ரேடியோ, இப்போதே கிளம்புங்கள் என்றது. உனக்குச் சொன்ன வாக்குப்படிச் சாவியை எடுத்துக்கொண்டு நோரீன் வீட்டுக்குப் போனேன். அவள் என் வீட்டுக்கு ஓட்டிவர ஆடுகளைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பேட்டரி வரல நோரீன். பம்ப் இல்ல. ஏறு, போலாம்."

"ஆடுங்க?"

"விடு."

"அது எப்படி விடறது? என் வண்டியில ஏத்திட்டு ஒன் பின்னாலயே வரேன்."

"நேரமில்ல."

"அப்ப வாயப் பேசாம தூக்கிவிடு."

தூக்கிவிட்டேன். இடது கையால். பதினோரு ஆடு ஏறியது. மிச்சம் ஆறும் ஓடிவிட்டன. அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், வரவில்லை. நான் முன்னால், அவள் பின்னால். இரண்டாவது வளைவுவரை அவள் விளக்கு என் கண்ணாடியில் தெரிந்தது. மூன்றாவது வளைவில் தெரியவில்லை. நிறுத்தினேன். திரும்புவதற்குள் எங்களுக்கு நடுவில் மரம் விழுந்தது, எரிந்துகொண்டே. ஹாரன் அடித்தேன். அவளும் அடித்தாள். இரண்டு தடவை. தீயணைப்புக்காரர்கள் கீழிருந்து வந்து, என்னை இழுத்துத் தங்கள் வண்டியில் போட்டார்கள். நான் ஒருவனை அடித்துவிட்டேன். அவன் கோபிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவளைப் பார்த்தார்கள். வண்டிக்குள் இல்லை. வண்டியின் பின் கதவைத் திறந்துவிட்டிருந்தாள், ஆடுகள் இறங்கட்டும் என்று. கதவுக்குப் பக்கத்தில் கிடந்தாள். ஐந்து ஆடு பிழைத்திருக்கிறது.

என் வீடு தரைமட்டம். ஷெட் நிற்கிறது. பம்ப் ஓடியிருந்தால் வீடு நின்றிருக்குமா, நானும் அவளும் அதற்குள் பிழைத்திருப்போமா, தெரியாது. தீயணைப்புக் குழுத் தலைவரிடம் கேட்டேன். "அந்தக் காத்துக்கு எந்தப் பம்பும் தாங்காது ஆல்வின்" என்றார். நிஜமாகவும் இருக்கலாம், என்னைத் தேற்றவும் சொல்லியிருக்கலாம்.

பதினைந்தாம் தேதி டிப்போவுக்குப் போனேன். கப்பல் வந்து சேர்ந்ததும் பெட்டியை மேலே அனுப்ப வேண்டாம், வீடே இல்லை என்று சொல்லத்தான் போனேன். கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்து, "கப்பலா? எந்தக் கப்பல் சார்? ஒங்க பேர்ல ரெண்டு பெட்டி நவம்பர்லேருந்து இங்கதான் கெடக்கு" என்றார். உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். பிறகு உன் காகிதத்தையும் காட்டினார். விஷயம் தெரியாமல் காட்டினார், பாவம். உன் கையெழுத்தை நான் வேறு யாருடையது என்று நினைக்க முடியும்?

ஏன் செய்தாய் என்று கேட்கமாட்டேன். தெரியும். அது பலித்தும்விட்டது: நான் இந்த கேரவனில் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அனுப்பமாட்டேன் என்று சொல்லியிருந்தால் உன்னோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்திருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும். நோரீன் அந்த ஞாயிற்றுக்கிழமை டெக்லனின் ட்ரெய்லரில் ஏறியிருப்பாள். அவள் காத்திருந்தது பேட்டரிக்காகக்கூட இல்லை. நீ கொடுத்த தேதிக்காக. டிசம்பரில் நான் அதை உனக்கு எழுதியும் இருந்தேன். அதற்குப்பிறகும் உனக்கு மூன்று வாரம் இருந்தது.

நேற்று அடக்கம். டெக்லன் என்னிடம் வந்தான். "அம்மா அந்த பேட்டரிய நம்பித்தானே இருந்தாங்க. அது ஏன் வரல?" என்று கேட்டான். நான் அவன் முகத்தைப் பார்த்து, "கப்பல் லேட்டாயிடுச்சுப்பா" என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்" என்றான். உன்னை நான் காட்டிக்கொடுக்கமாட்டேன். ஆனால் இன்னொரு தடவை அவன் கேட்டால் அதையே சொல்ல என்னால் ஆகாது.

டெக்லனின் முகவரியைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அவனுக்கு எழுதிய பிறகு எனக்கு எழுது. அதற்கு முன்னால் வேண்டாம்.

அப்பா


அடிலெய்ட்
பிப்ரவரி 9

அன்புள்ள டெக்லன் காஹில் அவர்களுக்கு,

உங்களுக்கு என்னை அதிகம் தெரியாது. நான் ஆல்வின் பெங்கெல்லியின் மகள். பேட்டரி ஏன் வரவில்லை என்று என் அப்பாவிடம் கேட்டீர்கள். கப்பல் தாமதம் என்று அவர் சொன்னது உண்மையில்லை. எந்தக் கப்பலும் தாமதமாகவில்லை. அது நான் சொன்ன பொய். அப்பா என்னைக் காப்பாற்றுவதற்காக அதை உங்களிடம் சொன்னார்.

பேட்டரி நவம்பரிலேயே டவுன் டிப்போவுக்கு வந்துவிட்டது. அதை அங்கே நிறுத்திவைக்கச் சொல்லி எழுதியது நான். அப்பா மலையைவிட்டு வெளியேற வேண்டும் என்பதற்காக. ஜனவரி முதல் வாரம் வரும் என்று எழுதியதும் நான்தான். நீங்கள் ட்ரெய்லரோடு வந்து திரும்பிப் போன செய்தி டிசம்பர் பதினேழாம் தேதி எனக்குக் கிடைத்தது. உங்கள் அம்மா ஏன் வர மறுத்தார் என்பதும் அதில் இருந்தது. அன்றே உங்களுக்கு ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. அப்பாவுக்கு நான் சொன்ன பொய் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

டிப்போவுக்கு நான் எழுதிய காகிதத்தின் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். நீங்கள் அதை யாரிடம் கொடுக்க நினைத்தாலும் கொடுக்கலாம். நான் மறுக்கமாட்டேன்.

மெரின் பெங்கெல்லி